'ஓ.எஸ். போட்ட' வரலாறு: கேரள எல்லையோரத் தமிழ்ப் பள்ளிகளும் ஒரு குறுவட்டும்

கணினியில் இயங்குதளம் நிறுவுவதைப் பேச்சில் எவரும் 'நிறுவுதல்' என்று சொல்வதில்லை. 'ஓ.எஸ். போடுவது' என்பதே தமிழ்நாட்டிலும் எல்லைக்கு அப்பால் உள்ள தமிழரிடத்திலும் வழக்கு. உரம் போடுவது, கோலம் போடுவது, தையல் போடுவது ஆகியவற்றின் வரிசையில் வந்து சேர்ந்த தொடர் இது. ஒரு கை, ஒரு பொருளின் மேல், மறுபடி மறுபடி செய்யும் வேலை என்பதே இவற்றின் பொதுப்பொருள். அந்தக் கையை வேலையிலிருந்து அகற்றுவதற்கான முயற்சிகளின் தொடராகத்தான் கணினி நிர்வாகத்தின் வரலாறு வழக்கமாக எழுதப்படுகிறது.

அந்த வரலாற்றின் நாயகர்கள் நன்கு அறியப்பட்டவர்கள். 1993இல் ஆஸ்லோவில் மார்க் பர்ஜெஸ் சி.எஃப்.எஞ்சினை எழுதினார். ஒரு கணினி எந்த நிலையில் இருக்கவேண்டும் என்று ஒரு கோப்பில் அறிவித்துவிட்டால், கருவி தானே அந்த நிலைக்கு அதைக் கொண்டு வந்து நிறுத்தும். எத்தனை முறை இயக்கினாலும் முடிவு மாறாது என்பது அவரது அடிப்படைக் கருத்து. 1990களின் இறுதியில் ஜெர்மனியின் கொலோன் பல்கலைக்கழகத்தில் தாமஸ் லாங்கே, மனிதர் ஒருவர் விசைப்பலகையைத் தொடாமலேயே டெபியனை நிறுவும் முறையை உருவாக்கினார். 2005இல் பப்பெட், 2009இல் செஃப், 2012இல் ஆன்சிபிள் என்று கருவிகள் பெருகின. இவை அனைத்துக்கும் பொதுவான ஒரு முன்னனுமானம் உண்டு: எல்லாக் கணினிகளையும் இணைக்கும் ஒரு வலையமைப்பு இருக்கிறது; அதன் நடுவில் கட்டளை தரும் ஒரு வழங்கி இருக்கிறது. அந்த அனுமானம் பொய்த்துப்போகும் நிலப்பரப்பில் அதே சிக்கல் எவ்வாறு தீர்க்கப்பட்டது என்பது அதிகம் எழுதப்படவில்லை. கேரளத்தின் பள்ளிகள் அதற்கு ஓர் எடுத்துக்காட்டு. அவற்றுள்ளும் இடுக்கி, பாலக்காடு மாவட்டங்களின் தமிழ்வழிப் பள்ளிகள் தனியே கவனிக்கத்தக்கவை.

இந்த இரண்டு எல்லைப்பகுதிகளையும் ஒன்றாக எண்ணிவிடுவது பிழை. தேவிகுளம், பீர்மேடு வட்டங்களின் தமிழர் பெரும்பாலும் தேயிலை, ஏலத் தோட்டங்களுக்காக மலையேறியவர்களின் வழிவந்தோர். 1956 நவம்பர் 1ஆம் நாள் மாநிலங்கள் மொழிவாரியாகத் திருத்தியமைக்கப்பட்டபோது, திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரசின் நெடும் போராட்டத்துக்குப் பின்னும் அவ்விரு வட்டங்களும் கேரளத்திலேயே நின்றன. பாலக்காட்டின் சித்தூர்ப் பகுதி கொச்சி அரசின் கீழ் இருந்தது. கொழிஞ்சாம்பாறை, வடகரப்பதி, எருத்தேம்பதி, கோவிந்தாபுரம் பக்கத்துத் தமிழர் வேளாண் குடிகள். பொள்ளாச்சிச் சந்தையும் கோயம்புத்தூர்ப் பேருந்தும் அவர்களுக்கு அன்றாடம். முன்னது துண்டுபட்ட மலைநாடு. பின்னது தொடர்ச்சியறாத சமவெளி. இரண்டுக்கும் பொதுவாக இருப்பது ஒன்றே: பாடநூல் திருவனந்தபுரத்திலிருந்து தமிழில் வருகிறது. கணினியும் அங்கிருந்தே வந்தது.

அது வந்த வழியைப் பார்க்கவேண்டும். இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனத்தின் முன்னாள் தலைவர் யு.ஆர். ராவ் தலைமையிலான குழுவின் பரிந்துரையை ஒட்டி, 2001இல் கேரள அரசு 'ஐ.டி. அட் ஸ்கூல்' திட்டத்தைத் தொடங்கியது. தொடக்க ஆண்டுகளின் பாடங்கள் மைக்ரோசாஃப்ட் செயலிகளை மையமாகக் கொண்டிருந்தன. அதே 2001இல்தான் ரிச்சர்டு ஸ்டால்மன் பங்கேற்ற கூட்டத்தில் திருவனந்தபுரத்தை இருப்பிடமாகக் கொண்டு இந்தியக் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை உருவாயிற்று. ஒரே நகரில் ஒரே ஆண்டில் முளைத்த இந்த இரண்டும் மோதிக்கொள்ள அதிக காலம் ஆகவில்லை. ஆசிரியர் அமைப்பான கே.எஸ்.டி.ஏ., பொதுப்பள்ளியின் பாடம் ஒரு நிறுவனத்தின் விற்பனைப் பொருளாகிவிடக் கூடாது என்று எதிர்ப்பைக் கிளப்பியது. பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் கணினி ஒரு பாடமானது 2005இல். லினக்ஸ் முதலில் மாற்றுத் தேர்வாக நுழைந்து, 2008க்குள் பள்ளிகளின் ஒரே தளமாயிற்று. பல்கலைக்கழக வல்லுநர்களைவிடப் பள்ளி ஆசிரியர்களின் அமைப்பே இம்மாற்றத்தைத் தள்ளிச்சென்றது என்பது பலரும் கடந்து போகும் செய்தி.

தேர்வு என்ற சொல்லை இங்கே அழுத்திப் படிக்கவேண்டும். செய்முறைத் தேர்வு உள்ள பாடத்தில், காசர்கோட்டு மாணவர் காணும் திரையும் வண்டிப்பெரியாற்று மாணவர் காணும் திரையும் ஒன்றாக இருந்தாகவேண்டும். பாடநூலில் 'இந்தப் பட்டியலைத் திற' என்றால் அந்தப் பட்டியல் அங்கே இருக்கவேண்டும். தேர்வு மென்பொருள் கேட்கும் செயலி, அது கேட்கும் பதிப்பில், எல்லா இயந்திரத்திலும் இருக்கவேண்டும். பர்ஜெஸ் ஆஸ்லோவில் எதிர்கொண்ட அதே கேள்விதான் இது: ஆயிரக்கணக்கான இயந்திரங்களை ஒரே நிலையில் நிறுத்துவது எப்படி? அவரிடம் பல்கலைக்கழக வலையமைப்பு இருந்தது. 2005இல் மூணாற்றுக்கு மேலிருந்த ஒரு பள்ளியில் மின்சாரமே மழைக்காலத்தில் நம்பக்கூடியதன்று.

கேரளம் கண்ட விடை ஒரு வட்டு. முதலில் டெபியனையும் பின்னர் உபுண்டுவையும் அடித்தளமாகக் கொண்டு, பாடத்திட்டத்துக்கு வேண்டிய செயலிகள், எழுத்துருக்கள், மொழி அமைப்புகள், திரை ஒழுங்குகள் யாவும் முன்கூட்டியே சேர்க்கப்பட்ட தனி வெளியீடு ஒன்றைத் திட்டமே தயாரித்தது. டெபியன் குடும்பத்தில் ஒரு செயலியை நிறுவ, பொதுவாக இணையத்திலுள்ள தொகுப்புக் களஞ்சியத்தை அணுகவேண்டும். அந்தக் களஞ்சியத்தின் தேவையான பகுதியை வட்டுக்குள்ளேயே வைத்துவிட்டால் இணையம் வேண்டியதில்லை. நிறுவலின்போது கேட்கப்படும் கேள்விகளுக்கு முன்கூட்டியே விடை எழுதிய கோப்பு ஒன்றை இணைத்துவிட்டால் ஆசிரியர் திகைத்து நிற்கவும் வேண்டியதில்லை. டெபியன் நிறுவியில் இதற்கென்றே வழி உண்டு. நிரலாளரின் முடிவுகள் யாவும் வட்டு தயாரிக்கும் இடத்தில் ஒரே ஒருமுறை எடுக்கப்பட்டு உறைந்துவிடுகின்றன. அந்த உறைந்த முடிவுகளைப் பேருந்தில் ஏற்றி மலைக்கு அனுப்பலாம்.

பேருந்தில் ஏறியது வட்டு மட்டுமன்று. மாவட்டந்தோறும் முதன்மைப் பயிற்றுநர்கள், பள்ளிதோறும் கணினி ஒருங்கிணைப்பாளராக ஓர் ஆசிரியர் என்று ஒரு மனிதச் சங்கிலி அமைக்கப்பட்டது. ஒருங்கிணைப்பாளர் பெரும்பாலும் கணக்கோ அறிவியலோ மொழியோ கற்பிப்பவர். கணினிப் பட்டம் பெற்றவர் அல்லர். வன்தட்டைப் பகுதிகளாகப் பிரிப்பது, இடைமாற்று நினைவகத்துக்கு இடம் ஒதுக்குவது, பழைய இயங்குதளத்தின் மீது கைதவறி எழுதிவிடாமல் இருப்பது ஆகியவற்றை விடுமுறைப் பயிற்சிகளில் கற்றுக்கொண்டு, பள்ளிக்குத் திரும்பி, ஒவ்வொரு கணினியாக உட்கார்ந்து ஓ.எஸ். போட்டவர்கள் அவர்கள். தன்னியக்கத்தின் வழக்கமான கதையில் கைகள் குறைகின்றன. இங்கே முடிவெடுக்கும் வேலை மையத்துக்குப் போயிற்று, கைகளோ பெருகின. 2019இல் உபுண்டு 18.04ஐ அடிப்படையாகக் கொண்ட புதிய வெளியீட்டை 2 இலட்சத்துக்கும் மேற்பட்ட கணினிகளில் நிறுவுவதாக அறிவித்தபோது, உரிமக் கட்டணத்தில் 3,000 கோடி ரூபாய் மிச்சம் என்று கணக்குக் காட்டப்பட்டது. அந்தக் கணக்கு உரிம விலையைப் பற்றியது. ஆசிரியர் செலவிட்ட மாலைப்பொழுதுகளுக்கு அதில் நிரல் இல்லை. கட்டற்ற மென்பொருளைக் கொண்டாடும் எழுத்துகளில் இந்த இடைவெளி ஏனோ அரிதாகவே சுட்டப்படுகிறது.

ஒப்பீட்டுக்கு நார்வே உதவும். 2001இல் அங்கே தொடங்கிய ஸ்கோலெலினக்ஸ், பள்ளிக்கான முழு வலையமைப்பையும், அதாவது முதன்மை வழங்கி, பயனர் கணக்குகள், மெல்லிய முனையங்கள் எல்லாவற்றையும், ஒரே வட்டிலிருந்து நிறுவித்தரும் நோக்குடையது. பின்னாளில் டெபியன் எடுவாக வளர்ந்தது. அதன் தொடக்க நோக்கங்களில் மொழியும் ஒன்று. நார்வேஜிய மொழியின் இரண்டு எழுத்து வடிவங்களான பூக்மாலுக்கும் நீநொர்ஸ்குக்கும் மட்டுமின்றி, வடக்கே வாழும் சாமி மக்களின் மொழிக்கும் இடைமுகம் வேண்டும் என்று அது முனைந்தது. சிறுபான்மை வடிவமான நீநொர்ஸ்கில் மைக்ரோசாஃப்ட் ஆஃபிஸ் கிடைக்கவில்லை என்று நார்வேப் பள்ளிகள் புறக்கணிப்பு எச்சரிக்கை விடுத்து, 2002இன் இறுதியில் நிறுவனத்தை இசையவைத்த நிகழ்வும் இதே காலத்தது. இயங்குதளத்தைத் தானாக நிறுவுவது அங்கே முதலிலிருந்தே மொழிச் சிக்கலோடு பிணைந்திருந்தது. நீநொர்ஸ்க் எழுதுவோர் நாட்டின் சிறுபான்மையினரே. ஆயினும் கல்விச் சட்டம் அவர்களுக்குப் பாடநூல் உரிமையைத் தந்திருந்தது. உரிமையின் பின்னே மென்பொருள் வந்தது.

கேரளத்தில் தமிழுக்கும் கன்னடத்துக்கும் சட்ட ஏற்பு இல்லாமலில்லை. 1969ஆம் ஆண்டின் ஆட்சிமொழிச் சட்டம் இவ்விரு சிறுபான்மையினரும் தம் மொழியில் அரசோடு கடிதத் தொடர்பு கொள்ள இடமளிக்கிறது. பாடநூல்கள் மலையாளம், ஆங்கிலம், தமிழ், கன்னடம் என நான்கு மொழிகளில் அச்சாகின்றன. பத்தாம் வகுப்புக் கணினிப் பாடத்தில் வலையமைப்பு பற்றிய பகுதியும் உண்டு. ஆகவே மறையூரில் தமிழ்வழி பயிலும் மாணவர் ஐ.பி. முகவரி என்றால் என்ன என்பதைத் தாய்மொழியிலேயே படிக்கிறார். ஆனால் நூல் வேறு, இயந்திரத்தின் இயல்புநிலை வேறு.

இயல்புநிலையில் தமிழ் நுழையும் வாயில்கள் எவை என்று எண்ணிப் பார்த்தால் சிக்கலின் பருமை விளங்கும். முதலாவது இடமொழி அமைப்பு: நாள், எண், அகரவரிசை ஆகியவை எந்த மொழி மரபில் காட்டப்படவேண்டும் என்று கணினிக்குச் சொல்லும் ஒரே ஒரு வரி. இந்தியத் தமிழுக்கும் இலங்கைத் தமிழுக்கும் லினக்ஸில் தனித்தனிக் குறியீடுகள் உண்டு. கேரளத் தமிழர் முதலாவதற்குள் அடக்கம். இரண்டாவது எழுத்துரு. மூன்றாவது இடைமுகச் சொற்களின் மொழிபெயர்ப்பு. இது உலகெங்கும் உள்ள தன்னார்வலர் கையில் இருப்பதால் ஒரே திரையில் 'வழங்கி' ஓரிடத்திலும் 'சேவையகம்' மற்றோரிடத்திலும் வரும். நான்காவது விசைப்பலகை. இந்நான்கிலும் வரலாற்றாசிரியருக்கு மிகுந்த பயன் தருவது விசைப்பலகையே.

1999இல் சென்னையில் நடந்த தமிழிணையம் 99 மாநாட்டை ஒட்டித் தமிழ்நாடு அரசு தமிழ்99 விசைப்பலகையைத் தரமாக ஏற்றது. தமிழ் எழுத்துகளின் பயன்பாட்டு அடர்த்தியை எண்ணி அமைத்த வடிவம் அது. கேரளப் பள்ளிகளோ மலையாளத்துக்கு இன்ஸ்கிரிப்டைக் கற்பித்தன. இன்ஸ்கிரிப்டு இந்திய எழுத்துமுறைகள் அனைத்துக்கும் பொதுவாக நடுவணரசு வகுத்தது. ஒரே ஒலிக்கு எல்லா மொழியிலும் ஒரே விசை. மலையாள 'க' எந்த விசையோ அதே விசையில் தமிழ்க் 'க' விழும்: அது 'கே'. தமிழ்99இல் அதே எழுத்துக்கு 'எச்' விசையை அழுத்தவேண்டும். 'எச்' விசையில் இன்ஸ்கிரிப்டு 'ப'வை வைத்திருக்கிறது. விந்தையாக, இரண்டு அமைப்பிலும் 'எல்' விசையில் 'த' நிற்கிறது.

இதன் விளைவு எளிதன்று. மலையாளத் தட்டச்சு பழகிய ஆசிரியர் ஒருவர், தமிழ் எழுதத் தெரிந்திருந்தால், விரல்களை மாற்றாமலேயே தமிழ்வழி மாணவருக்கு இன்ஸ்கிரிப்டு கற்பிக்கலாம். அது பெரிய வசதி. ஆனால் அந்த மாணவர் மேற்படிப்புக்குப் பொள்ளாச்சிக்கோ தேனிக்கோ போனால், அங்கே அரசு ஏற்ற விசையமைப்பு வேறு. எதிர்த்திசையிலும் ஒன்று சொல்லவேண்டும். தமிழ்நாட்டு அலுவலகங்கள் பலவகைக் குறியாக்கங்களில் சிதறிக்கிடந்து, 2010இல்தான் ஒருங்குறியை அரசாணை வழியே ஏற்றன. கேரளப் பள்ளிகள் ஏற்றுக்கொண்ட குனு/லினக்ஸ் மேசைத்தளத்தில் அப்போதே இந்திய மொழிகள் ஒருங்குறியை நம்பியிருந்தன. எல்லையின் இப்பக்கத்தில் தமிழ் மாணவர் சிறுபான்மையினர். ஆயினும் குறியாக்கத்தில் பெரும்பான்மையினரைவிடச் சில ஆண்டுகள் முன்னே நிற்கும் வாய்ப்பை அவருக்கு அளித்தது திருவனந்தபுரத்து வட்டு.

தமிழ்நாடு இக்காலத்தில் வாளாவிருக்கவில்லை. 2000களின் பிற்பகுதியில் எல்காட் நிறுவனத்தின் நிர்வாக இயக்குநராக இருந்த சி. உமாசங்கர் சூசே லினக்ஸை முன்னெடுத்தார். சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸ், 2011இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் விண்டோசோடு இணைந்து ஒரே கணினியில் இடம்பெற்றது. மாணவருக்குச் சொந்தமாக ஓர் இயந்திரத்தைக் கையில் கொடுத்தது தமிழ்நாடு. கேரளமோ ஆய்வகத்தைக் கொடுத்தது. ஆனால் பாடமும் தேர்வும் லினக்ஸின் மேல் ஏற்றப்படாதபோது, இயந்திரத்தில் அது இருப்பதும் இல்லாததும் ஏறத்தாழ ஒன்றே.

2017இல் ஐ.டி. அட் ஸ்கூல், 'கைட்' என்ற அரசு நிறுவனமாக உருமாறியது. 2018 ஜனவரியில் உயர்நிலைப் பள்ளிகளில் 'லிட்டில் கைட்ஸ்' மன்றங்கள் தொடங்கின. ஆசிரியர் கையிலிருந்த வேலை இப்போது மாணவர் கைக்கும் பரவியது. வன்பொருள் பழுது பார்ப்பது, புதிய வெளியீட்டை நிறுவுவது, இளைய வகுப்பினருக்குக் கற்றுத்தருவது ஆகியன எட்டாம், ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளின் செயல்பாடாயின. தேயிலை கிள்ளும் தாயின் மகள் ஒரு கணினியின் வன்தட்டைப் பிரித்து இயங்குதளம் போடக் கற்றாள் என்றால், அது ஒரு வழங்கி தானாகவே அனைத்தையும் செய்துவிட்டிருந்தால் நேர்ந்திராத நிகழ்வு. இங்கே கைவேலை மிஞ்சியதே பயனாயிற்று. இம்மன்றங்களின் பயிற்சிப் பிரிவுகளுள் அசைவூட்டம், வன்பொருள், மின்னணுவியல், இணையப் பாதுகாப்பு ஆகியவற்றோடு 'மலையாளக் கணிமை'யும் ஒன்று. தமிழ்வழிப் பள்ளியின் மன்றத்தில் அந்தப் பிரிவின் பெயர் என்னவாக இருக்கவேண்டும் என்பது சிறிய கேள்வி போலத் தோன்றும். ஸ்கோலெலினக்ஸின் வரலாற்றை அறிந்தவருக்கு அது சிறிதன்று.

பெருந்தொற்று இந்த அமைப்பின் மறுபக்கத்தைக் காட்டியது. 2020 ஜூன் 1ஆம் நாள் 'ஃபர்ஸ்ட் பெல்' வகுப்புகள் விக்டர்ஸ் தொலைக்காட்சியில் தொடங்கின. தமிழ்வழி வகுப்புகளுக்குப் பாலக்காட்டு மையத்தின் யூடியூப் தடமும், கன்னட வழி வகுப்புகளுக்குக் காசர்கோட்டின் தடமும் ஒதுக்கப்பட்டன. தமிழ்ப் பாடத்தைத் தயாரிக்கும் பொறுப்பு எல்லை மாவட்டத்துக்கே வந்தது. அது நல்ல மாற்றம். ஆனால் மலையாள வகுப்பு தொலைக்காட்சியில் வீட்டுக்கு வந்தபோது, தமிழ் வகுப்பு இணையத்தின் வழியே வந்தது. சித்தூரின் சமவெளியில் இந்த வேறுபாடு பெரிதாகத் தெரிந்திராது. இராஜமலைப் பக்கத்துத் தோட்டக் குடியிருப்புகளில் அலைவரிசை தேடிச் சாலையோரம் வந்து அமர்ந்த மாணவருக்குத் தெரிந்தது. அதே ஆண்டு ஆகஸ்ட் 6ஆம் நாள் இரவு பெட்டிமுடியில் மலை சரிந்து 70 பேரைக் கொண்டுபோனது. மாண்டவர் பெரும்பாலும் தமிழ்த் தோட்டத் தொழிலாளர் குடும்பத்தினர். தொலைத்தொடர்பு அற்றிருந்ததால் செய்தி வெளியுலகை எட்டியது மறுநாள் காலையில். வலையமைப்பு உண்டு என்ற முன்னனுமானத்தின் விலை எத்தகையது என்பதை அந்த மலையைவிடத் தெளிவாகச் சொல்லும் இடம் வேறில்லை. 2005இன் குறுவட்டு அந்த அனுமானத்தைச் செய்யாத தொழில்நுட்பம்.

2023 ஜூன் 5ஆம் நாள் கே-ஃபோன் கண்ணாடியிழை வலையமைப்பு தொடங்கிவைக்கப்பட்டது. 2024இல் கைட்டின் 22.04 வெளியீடு வந்தது. இழை எல்லாப் பள்ளிக்கும் சென்று சேருமானால், ஓ.எஸ். போடும் வேலையை வலையமைப்பே செய்துவிடும். உபுண்டு 20.04 முதல் அதற்குப் புதிய தானியங்கு நிறுவல் முறையும் உண்டு. விடைகள் யாவும் ஒரு சிறு உரைக்கோப்பில் எழுதப்படுகின்றன. இடமொழிக்கு ஒரு வரி, விசைப்பலகைக்கு இரண்டு மூன்று வரிகள், கணக்குக்கும் வன்தட்டுக்கும் மேலும் சில.

கையால் நிறுவும்போது உபுண்டு முதலில் காட்டும் திரை மொழித் தேர்வுத் திரை. ஒவ்வொரு மொழியின் பெயரும் அதனதன் எழுத்தில் அந்தப் பட்டியலில் இருக்கும். 'தமிழ்' என்பதும் தமிழிலேயே இருக்கும். தேவிகுளத்திலோ கொழிஞ்சாம்பாறையிலோ நிறுவுபவர் அங்கே நின்று அதைச் சொடுக்கலாம். தானியங்கு நிறுவலில் அந்தத் திரை தோன்றுவதில்லை; அதற்கான விடை கோப்பில் முன்பே எழுதப்பட்டிருக்கும்.